வி.ஐ.ஏ., பாப் ஸ்மியர், எச்.பி.வி. டெஸ்ட்: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எதை எடுப்பது?

மாஸ்டர் ஹெல்த் செக்கப் பட்டியலில் பாப் ஸ்மியர் இருக்கிறது. டாக்டரோ எச்.பி.வி. டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார். ஊரில் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ், "எதுக்கும்மா காசு, இங்கயே இலவசமா பாத்துடலாம் வாங்க" என்று வி.ஐ.ஏ. டெஸ்டுக்குக் கூப்பிடுகிறார். மூன்றும் ஒன்றுதானா? எதற்குக் காசு கொடுப்பது? முப்பதைத் தாண்டிய பெண்களும், அம்மாவை அழைத்துப் போக நினைக்கும் பிள்ளைகளும் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். கூடவே இன்னொரு கேள்வியும் வரும்: "பொண்ணுக்கு ஊசி போடணும்ங்கறாங்களே, எந்த ஊசி?"

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசும் வசதியும் இருந்தால் எச்.பி.வி. டெஸ்ட்தான். ஆனால் நாளைக்கே போய்ச் செய்துகொள்ள முடிகிற இலவச வி.ஐ.ஏ., என்றைக்கோ ஒரு நாள் எடுக்கலாம் என்று தள்ளிப்போடும் எச்.பி.வி. டெஸ்டைவிட மேல். ஏன் என்பதற்குத்தான் மீதிக் கட்டுரை.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. இந்த ஒப்பீடு எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு மட்டும். உடலுறவுக்குப் பின் ரத்தம் படுகிறது, மாதவிடாய் நின்ற பிறகு மறுபடி ரத்தம் வருகிறது, நாற்றத்தோடு வெள்ளைப்படுகிறது என்றால் எந்த டெஸ்ட் என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். நேராக மகப்பேறு மருத்துவரிடம் போங்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் கிட்டத்தட்ட எல்லாமே எச்.பி.வி. என்ற வைரஸ் உடம்பில் நீண்டகாலம் தங்கிவிடுவதால் வருகிறது. இந்தத் தொடர்பைக் கண்டுபிடித்த ஜெர்மன் விஞ்ஞானி ஹெரால்ட் சூர் ஹௌசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. 200-க்கும் மேற்பட்ட எச்.பி.வி. வகைகளில் புற்றுநோய் வரை இழுத்துப்போவது பன்னிரண்டு சொச்சம்தான். அதிலும் 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே உலகளவில் சுமார் 70 சதவீத கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களுக்குக் காரணம். இந்தியாவில் இவற்றின் பங்கு அதைவிடக் கூடுதல்.

உடலுறவு வாழ்க்கை உள்ள பெரும்பாலோருக்கு என்றாவது ஒருநாள் இந்தத் தொற்று வந்துபோகிறது. பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே அதை விரட்டிவிடும். தங்கிவிடுகிற சிலருக்குத்தான் செல்கள் மெல்ல மாறி, பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாகின்றன. இவ்வளவு நீண்ட அவகாசம் கொடுக்கும் புற்றுநோய் வேறு அதிகம் இல்லை. அப்படியிருந்தும் 2022-ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறக்குறைய 1,27,000 பேருக்கு இந்த நோய் புதிதாக வந்தது. சுமார் 80,000 பேர் இறந்தார்கள்.

ஆக, ஒரு டெஸ்டைப் பற்றிக் கேட்க வேண்டியவை இவை. மாற்றத்தைத் தவறவிடாமல் பிடிக்கிறதா? 'நார்மல்' என்று வந்தால் எத்தனை வருடத்துக்கு நம்பலாம்? ரிசல்ட் கையில் வர எத்தனை தடவை அலைய வேண்டும்? பாசிட்டிவ் என்றால் அடுத்த படி எங்கே, என்ன செலவு? விலை கடைசியில்தான் வரும். கவுன்ட்டரில் கட்டும் பணத்தைவிட அதற்குப் பிறகு ஆகும் செலவும் அலைச்சலும்தான் இங்கே பெரிது.

## வி.ஐ.ஏ.: ஒரு நிமிட டெஸ்ட்

கர்ப்பப்பை வாயில் 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தை, அதாவது கிட்டத்தட்ட வினிகரை, தடவி ஒரு நிமிடம் விட்டுப் பார்ப்பார்கள். மாறத் தொடங்கிய செல்கள் இருக்கும் இடம் வெள்ளையாகத் தெரியும். லேப் வேண்டாம், நுண்ணோக்கி வேண்டாம், நல்ல வெளிச்சமும் பயிற்சி பெற்ற ஒரு நர்ஸும் போதும். இந்திய அரசின் திட்டம் 30 முதல் 65 வயது வரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இதைச் செய்யச் சொல்கிறது. தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கிடைக்கிறது.

'இலவசம்தானே, ஒப்புக்குச் செய்வார்கள்' என்று நினைப்பவர்களுக்கு நம்ம ஊர்க் கதை ஒன்று. 2000-ஆம் ஆண்டு தொடங்கி திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு நர்ஸ்கள் இந்த டெஸ்டைச் செய்தார்கள். அம்பிலிக்கை கிறிஸ்தவ மருத்துவ மையமும் அடையாறு புற்றுநோய் நிலையமும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. அழைக்கப்பட்ட 49,311 பேரில் 31,343 பேர் வந்தார்கள். ஒரே ஒரு தடவைதான் பார்த்தார்கள். தேவைப்பட்டவர்களுக்குக் கூடுமானவரை அப்போதே சிகிச்சையும் கொடுத்தார்கள். சில ஆண்டுகள் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, டெஸ்ட் செய்யாத கிராமங்களைவிட இங்கே நோய் 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன. 2007-இல் இது வெளியானது. உலகில் பல நாடுகள் இந்த டெஸ்டை நம்பி எடுத்துக்கொண்டதற்கு நம் திண்டுக்கல் பெண்களும் ஒரு காரணம்.

ஆனால் இதன் பலவீனமும் அந்த நர்ஸின் கண்ணில்தான் இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடந்த இன்னொரு பெரிய ஆய்வில் ஒரு சுற்று வி.ஐ.ஏ.வால் சாவு குறிப்பிடும்படி குறையவில்லை. அங்கே நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு பாசிட்டிவ் காட்டியது, பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமில்லை. சாதாரணப் புண்ணும் அழற்சியும்கூட வெள்ளையாகத் தெரியக்கூடும். பார்த்து முடித்தபின் கையில் ஸ்லைடோ மாதிரியோ இருக்காது என்பதால் இன்னொரு டாக்டரிடம் காட்டிச் சரிபார்க்கவும் முடியாது. அப்புறம், மாதவிடாய் நின்ற பிறகு செல்கள் மாறும் அந்தப் பகுதி உள்ளே ஏறிப்போய்விடும். கண்ணால் பார்க்கும் டெஸ்ட் அங்கே உதவாது. ஐம்பதைத் தாண்டிய அம்மாவுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வயது, பக்கத்திலேயே சுகாதார நிலையம், கூலிவேலையை விட்டுவிட்டு ரிப்போர்ட் வாங்க இரண்டாம் முறை போக முடியாத நிலை என்றால் வி.ஐ.ஏ.தான் சரி. ரிசல்ட் அங்கேயே, அப்போதே.

## பாப் ஸ்மியர்: பழகிய பெயர்

கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களைச் சுரண்டி எடுத்து, லேபில் நுண்ணோக்கியில் பார்ப்பது. பணக்கார நாடுகளில் இந்த நோயை அடக்கியது இதுதான். ஆனால் அங்கே அடக்கியது ஒரு ஸ்மியர் அல்ல. மூன்று வருடத்துக்கு ஒருமுறை கடிதம் போட்டுக் கூப்பிட்டு, ஆயுளுக்கும் எடுத்த ஸ்மியர்கள். ஒரு தடவை எடுக்கும் பாப், மாற்றம் இருப்பவர்களில் பாதிப்பேர் வரைகூடத் தவறவிடலாம். அடுத்தது பிடிக்கும், அதுவும் விட்டால் அதற்கடுத்தது பிடிக்கும் என்பதே அதன் கணக்கு. நமக்கோ கடிதம் போட ஆளில்லை. நாற்பது வயதில் ஒரு தடவை எடுத்துவிட்டு, "எனக்கு எல்லாம் நார்மல்" என்று பதினைந்து வருடம் நிம்மதியாக இருப்பவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

இலங்கை வாசகர்களுக்கு நிலைமை சற்று வேறு. அங்கே சுகவனிதையர் கிளினிக்குகளில் 35 வயதிலும் 45 வயதிலும் பார்க்கும் ஏற்பாடு உண்டு. அழைப்பு வந்தால் போய்விடுங்கள்.

பாப் ரிப்போர்ட்டின் மொழியும் ஒரு மறைமுகச் செலவு. 'என்.ஐ.எல்.எம்.' என்றால் தவறான மாற்றம் ஏதும் இல்லை. 'இன்ஃப்ளமேட்டரி ஸ்மியர்' என்பது நம்ம ஊரில் மிகச் சாதாரணமாக வருவது. அழற்சி என்று அர்த்தம், புற்றுநோய் இல்லை. 'ஆஸ்கஸ்' என்றால் செல்கள் சந்தேகமாக இருக்கின்றன, உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதற்கு அடுத்த படியாகப் பெரும்பாலும் எச்.பி.வி. டெஸ்ட்டைத்தான் எழுதிக்கொடுப்பார்கள். 'அன்சேட்டிஸ்ஃபேக்டரி' என்றால் மாதிரி போதவில்லை, மறுபடி எடுக்க வேண்டும். அதை நார்மல் என்று எண்ணி மடித்து வைத்துவிடாதீர்கள்.

பாப் எடுப்பதாக முடிவு செய்தால், ஸ்லைடில் தடவும் பழைய முறையைவிட திரவத்தில் போட்டு அனுப்பும் எல்.பி.சி. முறைக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். மாதிரி வீணாவது குறையும். தேவைப்பட்டால் அதே மாதிரியிலேயே எச்.பி.வி.யும் பார்க்க முடியும்.

## எச்.பி.வி. டி.என்.ஏ. டெஸ்ட்

மற்ற இரண்டும் விளைவைத் தேடுகின்றன. இது காரணத்தைத் தேடுகிறது. அதிக ஆபத்துள்ள வைரஸ் வகைகளின் மரபுப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும். மாதிரி எடுப்பது பாப் மாதிரியேதான்.

மேலே சொன்ன உஸ்மானாபாத் ஆய்வில் 30 முதல் 59 வயது வரை 1,31,746 பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். நான்கு பிரிவு: எச்.பி.வி. டெஸ்ட், பாப், வி.ஐ.ஏ., வழக்கமான கவனிப்பு மட்டும். 2009-இல் முடிவு வந்தது. வாழ்நாளில் ஒரே ஒரு எச்.பி.வி. டெஸ்ட் செய்த பிரிவில் முற்றிய புற்றுநோயும் சாவும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. பாப் பிரிவில் அப்படிக் குறையவில்லை. இன்னும் முக்கியமானது: எச்.பி.வி. நெகட்டிவ் வந்த பெண்களில் அடுத்த எட்டு வருடத்தில் ஒருவர்கூட இந்த நோயால் சாகவில்லை. தவணை தவறாமல் பரிசோதனைக்குப் போகும் பழக்கம் இல்லாத நாட்டில், ஒரு தடவை எடுத்தாலும் இவ்வளவு தாங்கும் டெஸ்ட் என்பது சாதாரண விஷயமில்லை.

அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இதையே முதல் டெஸ்டாகப் பரிந்துரைத்தது: 30 வயதில் தொடங்கி, நார்மல் என்றால் 5 முதல் 10 வருடத்துக்கு ஒருமுறை. எச்.ஐ.வி. உள்ளவர்கள் 25-இலேயே தொடங்கி, 3 முதல் 5 வருடத்துக்கு ஒருமுறை. ஆஸ்திரேலியா 2017 டிசம்பரிலேயே பாப்பை விட்டுவிட்டு இதற்கு மாறிவிட்டது.

டாக்டர் முன் கால் விரித்துப் படுக்கக் கூச்சப்படுபவர்களுக்கு இன்னொரு வசதி: சில டெஸ்ட்களில் மாதிரியைத் தாங்களே எடுத்துக் கொடுக்கலாம். கூச்சத்தாலேயே வராமல் இருப்பவர்கள் நம்மிடையே ஏராளம். லேபில் கேட்டுப் பாருங்கள். பாப்பில் இது முடியாது.

விலை? தனியார் லேபில் பாப்புக்குச் சில நூறு முதல் ஆயிரத்துச் சொச்சம் வரை ஆகும். இது பெரும்பாலும் ஆயிரத்தைத் தாண்டும். லேபைப் பொறுத்து இரண்டு மூன்று மடங்கும் ஆகலாம். ஆனால் 30-இலிருந்து 65 வயது வரை மூன்று வருடத்துக்கு ஒரு பாப் என்றால் 12 தடவை. ஐந்து வருடத்துக்கு ஒரு எச்.பி.வி. என்றால் 8, பத்து வருட இடைவெளி என்றால் 4. பஸ், லீவு, கூட ஒரு ஆள் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் மலிவு எது என்பது மாறிவிடும்.

முப்பது வயதுக்குள் இதை எடுக்க வேண்டாம். அந்த வயதில் தானே போய்விடும் தொற்றுக்கெல்லாம் பாசிட்டிவ் காட்டி வீண் பயத்தையும் வீண் சிகிச்சையையும் கொண்டுவரும்.

| கேள்வி | வி.ஐ.ஏ. | பாப் ஸ்மியர் | எச்.பி.வி. டெஸ்ட் |
|---|---|---|---|
| எதைப் பார்க்கிறது? | கண்ணுக்குத் தெரியும் வெள்ளைத் திட்டு | மாறிய செல் | வைரஸ் |
| ரிசல்ட் | அப்போதே | சில நாட்களில் | பெரும்பாலும் சில நாட்களில் |
| நார்மல் என்றால் அடுத்தது | 5 வருடத்தில் (அரசுத் திட்டப்படி) | 3 வருடத்தில் | 5 முதல் 10 வருடத்தில் |
| செலவு | அரசு நிலையத்தில் இலவசம் | நடுத்தரம் | அதிகம் |
| மாதவிடாய் நின்ற பின் | உதவாது | எடுக்கலாம் | எடுக்கலாம் |
| தானே மாதிரி எடுக்கலாமா? | முடியாது | முடியாது | சிலவற்றில் முடியும் |
| பெரிய குறை | பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது | ஒரு தடவை போதாது | பாசிட்டிவ் என்றால் இன்னொரு டெஸ்ட் தேவை |

பாப், எச்.பி.வி. இரண்டையும் சேர்த்த பேக்கேஜும் விற்கிறார்கள். தவறில்லை. ஆனால் எச்.பி.வி. தனியாகப் பிடிப்பதைவிட அது கூடுதலாகப் பிடிப்பது சொற்பம்.

## பாசிட்டிவ் என்று வந்தால்

எச்.பி.வி. பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் இல்லை. உஸ்மானாபாத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு பாசிட்டிவ் வந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இல்லை. 16 அல்லது 18 வகை என்றால் கால்போஸ்கோபி, அதாவது உருப்பெருக்கிக் கருவியால் பார்ப்பது, சந்தேகப்பட்டால் பயாப்சி, அதாவது துளி சதையை எடுத்து லேபில் பார்ப்பது. மற்ற வகைகள் என்றால் முதலில் பாப் அல்லது வி.ஐ.ஏ. செய்து பார்த்துவிட்டு முடிவு செய்வார்கள். முன்நிலை மாற்றம் இருந்தால் குளிரூட்டியோ சூடு வைத்தோ அந்த இடத்தை மட்டும் அழிப்பார்கள், அல்லது லீப் முறையில் சிறு துண்டாக வெட்டி எடுப்பார்கள். கர்ப்பப்பையையே எடுக்க வேண்டிய நிலை இது இல்லை. எடுத்த எடுப்பிலேயே "கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரைப் பாருங்கள்.

வீட்டில் வெடிக்கும் சண்டை இன்னொரு செலவு, அது எந்த பில்லிலும் வராது. இது உடலுறவு வழியாகப் பரவும் வைரஸ் என்று தெரிந்ததும் "யாரிடமிருந்து வந்தது?" என்ற கேள்வி கிளம்பும். பதில்: கண்டுபிடிக்க முடியாது. வைரஸ் பல வருடம் அடங்கிக் கிடந்து பிறகு தலைகாட்டலாம். கல்யாணத்துக்கு முந்தையதா பிந்தையதா, கணவனிடமிருந்தா மனைவியிடமிருந்தா என்று எந்த டெஸ்டாலும் சொல்ல முடியாது. ரிப்போர்ட்டை வைத்து ஒருவரின் நடத்தையை அளக்கப் போவது மடத்தனம். தனியாக ரிப்போர்ட் வாங்கப் போகும் பெண்கள் இதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

## மகளுக்கு எந்த ஊசி?

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் இங்கே வயதுதான் முக்கியம், பிராண்ட் அல்ல. ஸ்வீடனில் 17 வயதுக்கு முன் எச்.பி.வி. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களிடம் இந்தப் புற்றுநோய் 88 சதவீதம் குறைந்தது. 17-க்கு மேல் போட்டவர்களிடம் 53 சதவீதம்தான். ஏற்கெனவே உள்ள தொற்றை ஊசி குணப்படுத்தாது. வைரஸைச் சந்திப்பதற்கு முன்னால் போட வேண்டும்.

சீரம் இன்ஸ்டிட்யூட்டின் செர்வாவேக் 6, 11, 16, 18 என்ற நான்கு வகைகளைத் தடுக்கும். டோஸ் சுமார் 2,000 ரூபாய். நான்கு வகை கார்டாசிலும் அதையே தடுக்கும், விலை மட்டும் கூடுதல். கார்டாசில் 9 மேலும் ஐந்து வகைகளைத் தடுக்கும். டோஸ் சுமார் 10,000. காசு பிரச்சினை இல்லை என்றால் ஒன்பது. பிரச்சினை என்றால் நாலே போதும், நிம்மதியாகப் போடுங்கள். ஒன்பதுக்குக் காசு சேர்க்கிறேன் என்று 12 வயதுப் பெண்ணை 17 வரை காக்க வைப்பதுதான் தவறு. 9 முதல் 14 வயது வரை ஆறு மாத இடைவெளியில் இரண்டு டோஸ். 15 வயது முதல் மூன்று. தள்ளிப்போட்டால் செலவும் ஒன்றரை மடங்கு.

ஒரே டோஸ் போதும் என்றும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் இந்தியாவுக்கு விசித்திரமான பங்கு உண்டு. 2010-இல் வேறொரு எச்.பி.வி. தடுப்பூசித் திட்டத்தில் சிறுமிகள் சிலர் இறந்ததால் கலவரமாகி, அரசு எச்.பி.வி. ஊசி ஆய்வுகளை நிறுத்தியது. அந்தச் சாவுகளுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று பிறகு விசாரணையில் தெரிந்தது. அதற்குள் இன்னொரு பெரிய ஆய்வில் ஏறக்குறைய 5,000 சிறுமிகள் ஒரு டோஸோடு நின்றுபோயிருந்தார்கள். பத்து வருடம் அவர்களைத் தொடர்ந்து பார்த்ததில், 16, 18 வகைத் தொற்று தங்கிவிடாமல் ஒரு டோஸே 95 சதவீதம் தடுத்தது. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் 9 முதல் 20 வயது வரை ஒரு டோஸும் போதும் என்றது. அந்த ஆய்வில் போட்டது நான்கு வகை கார்டாசில். நீங்கள் செர்வாவேக் போடுவதாக இருந்தால் வயதுக்குரிய டோஸ்கள் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள்.

காசு கட்டும் முன் பள்ளியிலோ சுகாதார நிலையத்திலோ கேளுங்கள். 14 வயதுச் சிறுமிகளுக்கு இலவசமாகப் போடும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. இலங்கையில் 2017 முதலே ஆறாம் தரத்து மாணவிகளுக்குப் போடுகிறார்கள்.

"அப்படியே அம்மாவும் போட்டுக்கலாமா?" நாற்பது வயதில் மூன்று டோஸ் கார்டாசில் 9-க்கு ஆகும் 30,000 ரூபாயில் ஆயுளுக்கும் எச்.பி.வி. டெஸ்ட் எடுத்துவிடலாம். அம்மாவுக்கு டெஸ்ட், மகளுக்கு ஊசி. மகளும் முப்பதுக்கு மேல் டெஸ்டுக்குப் போகத்தான் வேண்டும்; எந்த ஊசியும் எல்லா வகைகளையும் தடுப்பதில்லை.

## உங்களுக்கு எது?

35 வயது, நகரத்தில் வேலை, இதுவரை ஒன்றுமே எடுத்ததில்லை: எச்.பி.வி. டெஸ்ட். செக்கப் பேக்கேஜில் பாப்தான் இருக்கிறது என்றால் மாற்றித்தர முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் பாப்பையே எடுத்துக்கொண்டு, மூன்று வருடம் கழித்து மறுபடி.

58 வயது அம்மா, மாதவிடாய் நின்று பல வருடம்: எச்.பி.வி. டெஸ்ட். வயிற்று ஸ்கேனில் நார்மல் என்றார்களே என்பார்; ஸ்கேனில் இந்த ஆரம்ப மாற்றம் தெரியாது.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்: புற்றுநோயோ அதன் முன்நிலையோ இல்லாத காரணத்துக்காக வாயோடு சேர்த்து முழுமையாக எடுத்திருந்தால் இந்த டெஸ்ட் தேவையில்லை. வாயை விட்டுவைத்திருந்தால் தேவை. டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

கிராமத்தில் 42 வயது அக்கா, நாள் கூலி: இந்த வாரமே சுகாதார நிலையத்தில் வி.ஐ.ஏ. பாசிட்டிவ் வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள் என்பதைக் கையோடு கேட்டுவைக்கட்டும்.

எதுவானாலும் மாதவிடாய் நாட்களில் போக வேண்டாம். அதற்கு முந்தைய இரண்டு நாள் உடலுறவும், உள்ளே வைக்கும் மாத்திரை, க்ரீம் எதுவும் வேண்டாம். எச்.பி.வி. என்றால் கவுன்ட்டரில் 'ஹை ரிஸ்க்' வகைகளுக்கான டெஸ்ட்தானா, ரிப்போர்ட்டில் 16, 18 தனியாகப் போட்டுத் தருவார்களா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.